பார்த்த சொல்தான், அர்த்தம்தான் வரவில்லை

கள்ளக்குறிச்சியில் வங்கித் தேர்வுக்கும் எஸ்எஸ்சி தேர்வுக்கும் படிக்கிற தமிழ்வழி மாணவர்களிடம் எந்தப் பகுதி உதைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு என்று சிலர் சொல்வார்கள். இங்கிலீஷ் என்று பலர் சொல்வார்கள். அதற்குக் காரணம் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது. வங்கி எழுத்தர் பணிக்கான ஐபிபிஎஸ் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 40 நொடிதான். மற்ற பகுதிகளில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் ஆங்கிலத்துக்கென்று உள்ள கட்-ஆஃபைத் தாண்டாவிட்டால் அத்தோடு சரி. எஸ்எஸ்சியின் எம்டிஎஸ் தேர்வை 2023 முதல் தமிழிலும் எழுதலாம் என்பது ஆறுதலான செய்தி. ஆனால் அதிலும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலமாகவேதான் இருக்கிறது.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளுக்கு இந்த ஏற்றம் இன்னும் செங்குத்து. மலையாளி பழங்குடியினரின் வீட்டுமொழி தமிழ்தான். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவிக்குப் பாடப்புத்தகத்தைத் தாண்டி ஆங்கிலம் கண்ணில் படுவது அபூர்வம். காதில் விழுவது அதைவிட அபூர்வம். அதை ஈடுகட்ட அவர் கையில் எடுப்பது 'ஆயிரம் முக்கியச் சொற்கள்' வகைப் புத்தகம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ் அர்த்தம். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு இரவில் ஐந்து தடவை, விடியற்காலையில் ஐந்து தடவை வாசிக்கிறார். எல்லாம் மண்டையில் ஏறிவிட்ட மாதிரியே இருக்கிறது. தேர்வுக் கூடத்தில் அதே சொல் திரையில் வந்து நிற்கும்போது, 'இதை எங்கேயோ பார்த்தோமே' என்பது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

உழைப்பில் குறை இல்லை, முறையில்தான் கோளாறு. அது எங்கே இருக்கிறது என்பதை நினைவாற்றல் ஆய்வும் வாசிப்பு ஆய்வும் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. இதே சிக்கலில் நம்மைவிட ஆழமாக இறங்கியவர்கள் சீன மாணவர்கள். அவர்களிடமிருந்து தொடங்கலாம்.

சீனாவின் சிவப்புப் புத்தகம்

1993-ல் யூ மின்ஹோங் என்பவர் பெய்ஜிங்கில் நியூ ஓரியண்டல் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர டோஃபல், ஜிஆர்இ எழுதும் மாணவர்கள் அங்கே குவிந்தார்கள். அவர் தொகுத்த ஜிஆர்இ சொல் நூலை மாணவர்கள் 'சிவப்புப் புத்தகம்' என்றே அழைத்தார்கள். அன்றைய ஜிஆர்இயில் எதிர்ச்சொல் கேள்விகளும் சொல்லுக்குச் சொல் உறவு காட்டும் ஒப்புமைக் கேள்விகளும் தனியாக வந்தன. சொல்லும் அர்த்தமும் தெரிந்தால் மதிப்பெண் நிச்சயம். மனப்பாடத்துக்கு நல்ல கூலி கிடைத்தது.

2011 ஆகஸ்டில் தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் அந்த இரண்டு வகைக் கேள்விகளையும் எடுத்துவிட்டது. வாக்கியத்தின் போக்கைப் புரிந்துகொண்டு விடுபட்ட இடத்தை நிரப்பும் கேள்விகள் முன்னுக்கு வந்தன. கேட்கப்பட்ட சொற்கள் பெரிதாக மாறவில்லை. ஆனால் பத்தி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாதவருக்குச் சொல்லின் அர்த்தம் தெரிந்தும் பயனில்லாமல் போனது. நம் வங்கித் தேர்வில் பத்தியின் விடுபட்ட இடங்களை நிரப்பச் சொல்லும் க்ளோஸ் டெஸ்ட்டும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷனும் இதே வகைதான்.

அப்படியானால் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. பட்டியலை எப்படிப் படிப்பது, பட்டியலுக்கு அப்பால் என்ன படிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டும்.

மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். மறுபடி கற்கும்போது நேரம் எவ்வளவு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். கற்று 20 நிமிடம் ஆனபோது மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. அதாவது பெரும்பகுதி முதல் நாளிலேயே கரைந்துவிடுகிறது. எஞ்சியது மெல்லத்தான் குறைகிறது. 2015-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் கிட்டத்தட்ட இதே வளைவுதான் கிடைத்தது.

இந்தச் சரிவை நிறுத்த ஐந்து தடவை வாசிப்பது உதவுமா? அமெரிக்க உளவியலாளர்கள் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் 2008-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களை ஆங்கில அர்த்தத்தோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லை ஒரு தடவை சரியாகச் சொன்னதும் ஒரு குழு அதைத் தொடர்ந்து படித்தது, ஆனால் அதில் மறுபடி சோதனை வைக்கவில்லை. இன்னொரு குழு அதைப் படிப்பதை நிறுத்திவிட்டுச் சோதனையை மட்டும் தொடர்ந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தொடர்ந்து படித்தவர்களுக்கு 36 சதவீதம் நினைவிருந்தது. தொடர்ந்து சோதித்துக்கொண்டவர்களுக்கு 80 சதவீதம். எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது எல்லாக் குழுவும் ஏறக்குறைய பாதிச் சொற்கள் என்றுதான் சொல்லியிருந்தது. எந்த முறை வேலை செய்கிறது என்பது படித்தவர்களுக்கே தெரியவில்லை.

இதே இருவர் 2006-ல் செய்த சோதனையில் பயன்படுத்திய பத்திகள் ஒரு டோஃபல் பயிற்சிப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பத்தியை நான்கு அமர்வுகளில் வாசித்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் 83 சதவீதம் நினைவிருந்தது. ஓர் அமர்வில் வாசித்து மூன்று அமர்வுகளில் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் போனதும் கதை தலைகீழாகிவிட்டது: முதல் குழுவுக்கு 40, இரண்டாவதற்கு 61. நாளைக் காலைத் தேர்வுக்கு இன்றிரவு படிப்பவருக்கு மறுவாசிப்பு கை கொடுக்கலாம். மூன்று மாதம் கழித்து எழுதப் போகிறவரை அது ஏமாற்றிவிடும்.

ஏன் இப்படி? வாசிக்கும்போது சொல் கண்ணுக்குப் பழகுகிறது. பழக்கத்தை மூளை அறிவு என்று எடுத்துக்கொள்கிறது. அர்த்தத்தை மறைத்துவிட்டு யோசித்து எடுக்கும்போதுதான் சொல்லிலிருந்து அர்த்தத்துக்குப் போகும் தடம் பலப்படுகிறது. தேர்வில் தேவைப்படுவது அந்தத் தடம்தான்.

இடைவெளியும் முக்கியம். நிக்கோலஸ் செப்பீடா குழுவினர் 2008-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில், முதல் படிப்புக்கும் மறுபடிப்புக்கும் நடுவே எத்தனை நாள் விடலாம் என்பது தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று தெரிந்தது. ஒரு வாரத்தில் சோதனை என்றால் ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. எழுபது நாள் கழித்து என்றால் சுமார் மூன்று வாரம். அரைகுறையாக மறந்த நேரத்தில் சிரமப்பட்டு எடுத்தால்தான் சொல் தங்குகிறது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர். 1972-ல் அவர் எழுதிய முறைக்கு அட்டைகளும் நாலைந்து பெட்டிகளும் போதும். கைபேசி சிக்னல் எல்லா ஊருக்கும் எட்டாத மலையில் இதைவிட வசதியான செயலி கிடையாது. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டினால் அட்டை ரெடி. முன்பக்கம் வெறும் சொல்லை எழுதாமல் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். 'தி ரோடு டு வெள்ளிமலை வாஸ் டெம்பரரிலி க்ளோஸ்டு' என்று ஆங்கில எழுத்தில் எழுதி, டெம்பரரிலியின் கீழ் கோடு. பின்பக்கம்: தற்காலிகமாக. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பாகச் சொன்னால் முதல் பெட்டிக்கே திரும்பும். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும். தெரிந்த சொல்லில் நேரம் வீணாகாது. தெரியாத சொல் தப்பிக்காது.

இன்னொரு எச்சரிக்கை. பயிற்சிப் புத்தகங்கள் ஒரே பொருள் தரும் சொற்களைக் கொத்தாகக் கொடுக்கும்: சோகத்துக்கு ஆறு சொல், கோபத்துக்கு எட்டு. முதல்முறை கற்கும்போது இது எதிர்விளைவைத் தருகிறது என்பதை தாமஸ் டின்காம் 1993-லேயே சோதித்துக் காட்டினார். நெருங்கிய பொருள் உடைய புதுச் சொற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஒரு சொல் நன்றாகப் பதிந்த பிறகு அதன் உறவுச் சொல்லைச் சேர்ப்பதே நல்லது.

எத்தனை சொல் போதும்?

வாசிப்பு ஆய்வில் 98 சதவீதம் என்று ஓர் அளவு உண்டு. பத்தியில் உள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருந்தால் அகராதி இல்லாமல் ஓரளவு நிம்மதியாக வாசிக்கலாம். 95 என்றால் தட்டுத்தடுமாறி. தேர்வில் வரும் 300 சொல் பத்திக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: 98 சதவீதம் என்றால் தெரியாத சொல் ஆறு; 95 என்றால் பதினைந்து. ஆறு சொல்லைச் சூழலை வைத்து ஊகித்துவிடலாம். பதினைந்து சொல் அந்தச் சூழலையே தின்றுவிடும்.

நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-ல் போட்ட கணக்குப்படி, நாவலையும் செய்தித்தாளையும் 98 சதவீத அளவில் வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும். ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்ததே ஒரு குடும்பம். கேட்டதும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் எல்லாச் சொல்லும் ஒரே அளவில் புழங்குவதில்லை. முதல் இரண்டாயிரம் குடும்பங்களே கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை நிரப்பிவிடுகின்றன. 2000-ல் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் தொகுத்த கல்விச் சொற்பட்டியலில் வெறும் 570 குடும்பங்கள்தான். அவை இன்னொரு 10 சதவீதத்தைத் தருகின்றன. அனலைஸ், பாலிசி, கான்டெக்ஸ்ட், சிக்னிஃபிகன்ட் போன்ற சாதுவான சொற்கள் அவை. பார்த்தாலே பயமுறுத்தும் அரிய சொற்களை முதலில் மனப்பாடம் செய்கிறவர், அடிக்கடி வரும் இந்த 570-ஐ அரைகுறையாக விட்டுவிடுகிறார். வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடியும்.

நம் எழுத்து தரும் பலமும் வைக்கும் பொறியும்

மின் வாங், கெய்கோ கோடா, சார்ல்ஸ் பெர்ஃபெட்டி ஆகியோர் 2003-ல் ஆங்கிலம் கற்கும் சீனர்களையும் கொரியர்களையும் ஒப்பிட்டார்கள். கொரிய எழுத்து ஒலியைக் குறிப்பது. சீன எழுத்து சொல்லையும் பொருளையும் சார்ந்தது. ஒரே ஒலியுள்ள வேறு சொல்லைக் காட்டி ஏமாற்றியபோது கொரியர்கள் அதிகம் விழுந்தார்கள். ஒரே மாதிரி எழுதப்படும் சொல்லைக் காட்டியபோது சீனர்கள் அதிகம் விழுந்தார்கள். முதல்மொழியின் எழுத்து எப்படிப் பழக்கியதோ அப்படியேதான் இரண்டாம் மொழியையும் வாசிக்கிறோம்.

அந்தக் கணக்கில் நாம் கொரியர் பக்கம். தமிழில் எழுத்தைக் கண்டால் ஒலி வந்துவிடும். அதனால் ஆங்கிலச் சொல்லையும் ஒலியாக்கியே நினைவில் வைக்கிறோம். அது நல்ல பழக்கம்தான். உரக்கச் சொல்லிக் கற்கும் சொல் சீக்கிரம் பதியும். பொறி எங்கே என்றால், அந்த ஒலியை நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வதில். தமிழில் ககரத்துக்கு ஒரே எழுத்து. அது வல்லோசையா மெல்லோசையா என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே சொல்லை மாற்றிவிடும். அணிகிற கோட்டும் மேய்கிற ஆடும் கணினியில் எழுதும் நிரலும் நோட்டில் ஒரே 'கோட்' ஆகிவிடும். கடனும் 'டெட்', செத்ததும் 'டெட்'. அதிலும் கடனைக் குறிக்கும் சொல்லின் நடுவே ஒலிக்காத ஒரு பி உட்கார்ந்திருக்கிறது. வங்கித் தேர்வில் இந்தக் குழப்பம் வேடிக்கையாக இருக்காது. ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதி, கைபேசி அகராதியில் ஒலியைக் கேட்டு, ஒருமுறை வாய்விட்டுச் சொல்வதே சரியான வழி.

பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. ஃபார்ம், ரேஷன், சர்ட்டிஃபிகேட் என்று நூற்றுக்கணக்கான சொற்களைப் பள்ளிக்கே போகாத பாட்டியும் அறிவார். அது இலவச மூலதனம். ஆனால் நம்மூரில் ஃபங்ஷன் என்றால் காதுகுத்தும் கல்யாணமும். பத்தியில் கல்லீரலின் ஃபங்ஷன் என்று வந்தால் செயல்பாடு. நமக்கு கரண்ட் மின்சாரம். பத்தியில் அது பெரும்பாலும் 'தற்போதைய'.

பாலமா இடிந்தது, மழைக்காலமா?

சொல்லெல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'தி பிரிட்ஜ் தட் தி வில்லேஜர்ஸ் ரிப்பேர்டு பிஃபோர் தி மான்சூன் கொலாப்ஸ்டு'. ஒரு சொல்கூடக் கடினமில்லை. ஆனால் வேகமாக வாசிக்கும் தமிழ்க் கண்ணுக்கு மான்சூனும் கொலாப்ஸ்டும் ஒட்டிக்கொள்கின்றன. மழைக்காலம் இடிந்து விழுந்துவிடுகிறது.

தமிழில் இதை 'மழைக்காலத்துக்கு முன் ஊரார் பழுதுபார்த்த பாலம் இடிந்தது' என்போம். விளக்கமெல்லாம் முன்னால் வந்து, பாலமும் இடிந்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் பாலம் முதலில் வந்துவிடும். விளக்கம் நடுவில் நீளும். வினை வரும்வரை பாலத்தை நினைவில் தாங்கிக்கொண்டே போக வேண்டும். சீன மொழியிலும் பெயருக்கு விளக்கம் முன்னால்தான் வரும். ஆகவே அவர்களுக்கும் இதே இடத்தில்தான் இடறுகிறது. தேர்வுப் பத்திகளின் நீண்ட வாக்கியங்கள் பெரும்பாலும் இப்படிக் கட்டப்பட்டவை. அன்றாடம் ஐந்து வாக்கியங்களை எடுத்து, தட், விச், ஹூ என்று தொடங்கும் பகுதியைப் பென்சிலால் அடைத்து, முக்கிய வினையைக் கண்டுபிடித்து 'யார், எது?' என்று கேட்டுப் பழகினால் சில வாரங்களில் கண் தானாகவே அதைச் செய்யும்.

சொல்லின் உள்ளமைப்பில் நிலைமை நமக்குச் சாதகம். 'படிக்காதவர்களுக்காக' என்ற சொல்லில் எத்தனை உறுப்பு ஒட்டியிருக்கிறது என்று யாரும் சொல்லித்தராமலே தமிழ்க் குழந்தை பிரித்துப் புரிந்துகொள்கிறது. சீனத்தில் இப்படி விகுதி அடுக்கும் வழக்கம் குறைவு. இந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கு எடுத்துச் செல்லலாம். லத்தீனில் நம்புவதைக் குறிக்கும் ஒரு வேரிலிருந்துதான் கிரெடிட், கிரெடிட்டர், கிரெடிபிள், இன்கிரெடிபிள் நான்கும் வருகின்றன. ஒரு வேரும் சில ஒட்டுகளும் தெரிந்தால் நாலு அட்டை மிச்சம்.

ஏற்கெனவே தெரிந்ததை ஆங்கிலத்தில் படிப்பது

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கதையல்லாத எழுத்தை நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள் வாசிக்கிறார்கள் என்று மார்க் பிரைஸ்பார்ட் 2019-ல் கணக்கிட்டார். 300 சொல் பத்தி அவர்களுக்கு ஒன்றேகால் நிமிட வேலை. நிமிடத்துக்கு 80 சொல் வாசிப்பவருக்கு அதுவே நாலு நிமிடத்தை நெருங்கும். 20 நிமிடத் தேர்வில் அது தாங்காது. வேகம் வர ஒரே வழி, நிறைய வாசிப்பது. நிறைய வாசிக்கப் பத்தி எளிதாக இருக்க வேண்டும். எளிய ஆங்கிலத்துக்குக் கள்ளக்குறிச்சி மாணவர் எங்கே போவார்?

விடை வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். 1988-ல் டானா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் பேஸ்பால் பற்றிய ஒரு பத்தியைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கும் ஆனால் விளையாட்டு தெரியாத மாணவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். பொருள் முன்பே தெரிந்திருந்தால் மொழியின் குறையை அது தாங்கிக்கொள்கிறது.

தமிழ்நாடு பாடநூல் கழகம் ஒரே பாடத்தைத் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் தனித்தனிப் புத்தகமாக வெளியிடுகிறது. இரண்டும் இணையத்தில் இலவசம். ஏழாம் வகுப்பு அறிவியலைத் தமிழில் படித்து முடித்த மாணவிக்கு ஒளிச்சேர்க்கையும் செரிமானமும் ஏற்கெனவே தெரியும். அதே பாடத்தின் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தால் தெரியாத சொல்லின் அர்த்தத்தை வாக்கியமே காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் தமிழ்ப் புத்தகத்தின் அதே பத்தியைப் பார்க்கலாம். ஏழிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பத்து என்று ஏறினால் கல்விச் சொற்கள் பத்திக்குள்ளேயே திரும்பத் திரும்ப எதிர்ப்படும். அட்டையில் பதித்த சொல் அங்கேதான் உறுதிப்படும். புவியியல், பொருளாதாரம், குடிமையியல் பாடங்களுக்கும் இதே வழி. வங்கித் தேர்வுப் பத்திகளும் பெரும்பாலும் இந்த விஷயங்களைத்தான் சுற்றி வருகின்றன.

தமிழ்வழியில் படித்ததை ஆங்கிலத் தேர்வுக்குத் தடையாகவே பார்க்கப் பழகிவிட்டோம். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் சேர்த்த அறிவுதான் ஆங்கிலப் பத்தியைப் புரியவைக்கும் முதல் துணை. வெள்ளிமலை மாணவிக்கு இன்னொரு சொற்பட்டியல் புத்தகம் வாங்கிக் கொடுப்பதைவிட, அவர் ஏற்கெனவே தேறிய பாடங்களின் ஆங்கிலப் பிரதிகளையும் ஒரு கட்டு வெற்று அட்டைகளையும் கொடுப்பது செலவும் குறைவு, பலனும் கூடுதல். பயிற்சி மையங்களும் பள்ளி நூலகங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.